சாயங்காலமானால் மறக்கும் கம்ப்யூட்டர்

இனோகே ஓடிக்கொண்டிருந்தான். தீவு ஊரான லெவுகாவின் கடற்கரைத் தெருவில், உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில், தென்னை மரத்துக்குக் கால் முளைத்த மாதிரி. ஒரு கையில் செல்போன். இன்னொரு கை இடுப்பில் சுற்றிய சூலுவைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

“பிடிச்சுக்கோ கேப்டன், விட்றாதே!” ரொட்டிக் கடை வாசலிலிருந்து ஒரு குரல்.

“எதைப் பிடிக்கச் சொல்றே? பந்தையா, மத்ததையா?” எதிர்ச்சாரியிலிருந்து இன்னொரு குரல்.

தெருவே சிரித்தது. ஒரு வருடமாக இதே கேள்வி, இதே சிரிப்பு. இனோகே திரும்பிப் பார்க்கவில்லை. செல்போன் ரிப்பேர் கடைக்குள் புயலாக நுழைந்து, ரொட்டிச் சுருளைக் கடிக்கப் போன தொர்சாமியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

“எழுந்திரு. கம்ப்யூட்டர்.”

“மறுபடியும் அந்த மெயில் பெட்டியா?” தொர்சாமி அந்தரத்தில் இருந்தபடியே கேட்டான். அவனுடைய பூட்டன் வட ஆற்காட்டில் துரைசாமியாகக் கப்பல் ஏறியவர். கரும்புக் காட்டு வெள்ளைக்காரன் தொர்சாமி என்று எழுதி இறக்கிவிட்டான். அன்றிலிருந்து குடும்பமே தொர்சாமி. “நான் வரலை சாமி. ரெண்டு தடவை வந்து பாத்தாச்சு. செயலாளர் அக்கா வந்து பாஸ்வேர்டைப் போட்டா வேலை செய்யுது. மறுநாள் காலையில மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது. உப்புக் காத்துன்னு சொன்னேன், கரப்பான்னு சொன்னேன், இனிமே சொல்றதுக்குப் பொய் இல்லை.”

“சுவாவிலேர்ந்து, ரக்பி போட்டி ஆபீஸ்லேர்ந்து போன் வந்தது. நேத்தே மெயில் அனுப்பினாங்களாம். டீம் வருது, வரலேன்னு பதில் போடணுமாம். பன்னண்டு மணிக்குள்ள போடலேன்னா நம்ம இடம் காத்திருக்கிற டீமுக்குப் போயிடும்.”

“காத்திருக்கிற டீம் யாரு?”

“வுனிகாவு.”

தொர்சாமி ரொட்டிச் சுருளைக் கீழே வைத்தான். சில பெயர்களுக்கு அப்படி ஒரு மகிமை உண்டு.

“நம்ம பசங்க?”

“காலையிலேயே கப்பல் ஏறிட்டாங்க. நடுக்கடல்ல பாட்டுப் பாடிட்டு இருப்பானுங்க. அவனுங்க அங்க இறங்கும்போது அவங்க இடத்துல வுனிகாவு ஆடிட்டு இருக்கும்.”

“உன் போன்லேர்ந்தே ஒரு மெயில் தட்டிவிடேன்.”

“பதிவு பண்ணின முகவரியிலேர்ந்து வந்தாத்தான் ஏத்துக்குவாங்களாம். போன வருஷம் எவனோ ஒரு மச்சான், வேற டீம் பேர்ல ‘எங்க ஆளுங்களுக்கெல்லாம் வயித்தால போகுது, வரலை’ன்னு மெயில் அனுப்பிட்டானாம்.”

“வயித்தால போகுதுன்னா?” தொர்சாமிக்குச் சிரிப்பு வந்தது. இனோகே முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் காலருக்குள் தள்ளிக்கொண்டான். இருவரும் ஓடினார்கள்.

கம்ப்யூட்டர் இருந்தது அவர்கள் ஊரான நாவேசியின் கூட்டுறவுக் கடைப் பின்னறையில். அரிசி மூட்டைக்கும் மீன் டப்பா அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில், துணி போர்த்தி, கோயில் உற்சவரைப் போல உட்கார்ந்திருக்கும். கடையும் அகனிசி பொறுப்பு, கம்ப்யூட்டரும் அகனிசி பொறுப்பு. நாவேசி ரக்பி டீமின் செயலாளரும் அவள்தான். தினமும் காலையில் வந்து, துணியை எடுத்து மடித்து, பாஸ்வேர்டைத் தட்டி, மெயில் பார்ப்பாள். இன்றைக்கு அவளும் டீமோடு கப்பலில் போயிருந்தாள், பசங்களின் சட்டை மூட்டைக்குக் காவலாக.

“அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளு” என்று சொல்லிவிட்டு, தொர்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அகனிசி இனோகேக்குச் சித்தப்பா மகள். அதாவது தங்கை. அண்ணன் தங்கை முறையென்றால் அந்தத் தீவில் பேச்சு வார்த்தை கிடையாது. ஓர் அறையில் தனியாக இருப்பது கிடையாது. அவள் எதிரே வந்தால் இவன் சந்துக்குள் திரும்பிவிடுவான். இவன் மேனேஜர், அவள் செயலாளர். ஒரு வருடமாக ஒரே டீமை நடத்துகிறார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் நடுவில் ஓர் ஆள் வழியாகத்தான் போகும். அந்த ஆள் அகனிசியின் புருஷன் விலிமோனி.

அங்கேதான் வம்பு. தங்கையின் புருஷன் என்றால் மச்சான். மச்சான் முறையில் மரியாதை என்ற சொல்லுக்கே இடமில்லை. கிண்டல் செய்யலாம், ஏமாற்றலாம், ஊர் நடுவில் வைத்து மானத்தை வாங்கலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவன்தான் கெட்டவன். ஆக, பேசவே கூடாத ஒருத்தியிடமிருந்து வரும் செய்தி, உண்மையே பேசாத ஒருத்தன் வாய் வழியாக வரும். போதாக்குறைக்கு விலிமோனி பிறந்தது எதிரி ஊரான வுனிகாவில்.

தொர்சாமி தன் போனிலிருந்து அகனிசியை அழைத்துப் பார்த்தான். நடுக்கடலில் சிக்னல் ஏது? ஒரு பெண் குரல் மட்டும் சலிக்காமல் மன்னிப்புக் கேட்டது.

“சரி, ‘பாஸ்வேர்டு மறந்துட்டேன்’னு ஒண்ணு இருக்கே?” என்றான் இனோகே.

“அதை அமுக்கினா ரகசிய எண் எங்க போகும் தெரியுமா? அவங்க போனுக்கு. அது இப்பக் கடல்ல மெதக்குது.” தொர்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டான். “இரு. இன்னிக்கு இந்தப் பெட்டியோட வியாதி என்னன்னு கண்டுபிடிச்சிடறேன்.”

மெயில் திறந்தது. சின்னக் கட்டம் ஒன்று நடுவில் வந்து நின்றது. பாஸ்வேர்டு? அதன் கீழே, ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்ற கேள்விக்குப் பக்கத்தில் சமர்த்தாக ஒரு டிக். டிக் இருக்கிறது, ஞாபகம் இல்லை. பரீட்சையில் பாதிப் பேர் அப்படித்தான்.

தொர்சாமி குடைந்தான். இனோகே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அது எப்போதோ நின்றுபோன கடிகாரம் என்பதும் மறந்துபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

சும்மா ஒரு போட்டியாக இருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது. போன வருட இறுதி ஆட்டத்தின் அவமானத்தை அவன் கழுவ வேண்டியிருந்தது.

போன வருடம் இனோகே கேப்டன். நாவேசிக்கும் வுனிகாவுக்கும் இறுதி ஆட்டம். கடைசி நிமிடம், பந்து இனோகே கையில், எதிரே வெறும் புல்தரை. விலிமோனி மட்டும் பின்னாலிருந்து பாய்ந்தான். ஆள் சிக்கவில்லை, காற்சட்டை சிக்கியது. விலிமோனி விடவில்லை, இனோகேயும் நிற்கவில்லை. காற்சட்டை ஓரிடத்தில் நிற்க, ஆள் மட்டும் மேலே ஓடினான். உள்ளே போட வேண்டியது அன்றைக்குத் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் திடீரென்று அமைதியானதும்தான் இனோகேக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தான். மானத்தை மூட இரண்டு கையும் தேவைப்பட்டது. பந்து கீழே விழுந்தது. வுனிகாவு ஜெயித்தது.

நாவேசிப் பெண்கள் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த அகனிசி மட்டும் திரும்ப இடமில்லாமல், தாழை ஓலை விசிறியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, விசில் ஊதுகிற வரைக்கும் சிலையாக உட்கார்ந்திருந்தாள். தங்கை எதையும் பார்க்கவில்லை என்பதுதான் அன்றைக்கு இனோகேக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல். காற்சட்டை இன்றைக்கும் விலிமோனியின் படகுக் கொட்டகையில், ஆணியில் கொடி போலத் தொங்குகிறது.

இந்த வருடம் மேனேஜராக அடுத்த கப்பலில் போய், பசங்களை ஜெயிக்க வைத்து, அந்தச் சிரிப்பை நிறுத்துவது என்று இனோகே முடிவு செய்திருந்தான். இப்போது ஒரு மெயிலுக்குப் பதில் போடத் தெரியாமல் இடத்தையே வுனிகாவுக்குத் தாரை வார்த்துவிட்டால்? சாகிற வரைக்கும் இரண்டு கிண்டல். சவப்பெட்டியைத் தூக்குகிறவனும் ‘பிடிச்சுக்கோ’ என்பான்.

“கேப்டன்.” தொர்சாமியின் குரல் மாறியிருந்தது. “இங்க பாரு. என்னோட பழைய மெயிலை இதுல போட்டேன். ஞாபகம் வெச்சுக்கோன்னு டிக் அடிச்சேன். மூடினேன். தெறந்தேன். பாஸ்வேர்டு கேட்டுதா?”

“கேக்கலை.”

“கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டேன். இப்பக் கேட்டுதா?”

“இல்லை.”

“அப்ப பெட்டிக்கு வியாதியே இல்லை. யாரோ மறக்கடிக்கறாங்க.” திரையில் ஒரு மூலைக்குள் நுழைந்து, அதற்குள் இன்னொரு மூலைக்குள் நுழைந்தான். “பாத்தியா? சேத்து வெச்ச பாஸ்வேர்டெல்லாம் இங்க வரிசையா நிக்கும். ‘காட்டு’ன்னு அமுக்கினா எழுத்தெழுத்தா பல்லைக் காட்டும். பக்கத்துலயே ‘நீக்கு’. என்னுது இருக்கு. டீமோடது இல்லை. யாரோ தினமும் இங்க வந்து, அதை மட்டும் பாத்து நீக்கிட்டுப் போறாங்க. கடைசியா நீக்கினது நேத்துச் சாயங்காலம், கடை சாத்தற நேரம்.”

அறையில் மீன் டப்பா வாசனை திடீரென்று கூடியது போல இருந்தது.

கடை சாத்துவது யார்? அகனிசி. சாவி யாரிடம்? அகனிசியிடம். புருஷன் எந்த ஊர்?

“என் தங்கச்சி அப்படிச் செய்யமாட்டா” என்றான் இனோகே. சொன்ன வேகத்தில் சொன்னவனுக்கே நம்பிக்கை இல்லை.

“நான் ஒண்ணும் சொல்லலையே. பெட்டிதான் சொல்லுது.”

“அவ புருஷன் சொல்லிக் குடுத்திருப்பான். வுனிகாவுக்காரன் புத்தி. சரியா இந்த மாதிரி ஒரு நாளைக்குன்னு ஒரு வருஷமாத் திட்டம் போட்டிருக்கான் பாரு!”

இனோகே விலிமோனிக்குப் போன் போட்டான். பின்னணியில் படகுக் கொட்டகை கேட்டது. யங்கோனா என்கிற போதை வேர்ச்சாறு கலக்குகிற சத்தம், சிரட்டை கை மாறும்போது தட்டுகிற சத்தம், பகலிலேயே மிதக்கிற நாலைந்து குரல்கள்.

“யாரு, என் மச்சானா?” விலிமோனி. “டேய், எல்லாரும் எழுந்து நில்லுங்கடா, கொடிக்குச் சொந்தக்காரன் பேசறான்!”

“விளையாடாதே. டீம் மெயிலோட பாஸ்வேர்டு என்ன? அவ உங்கிட்டச் சொல்லியிருப்பா.”

விலிமோனி சிரிக்க ஆரம்பித்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி, இருமி, யாரோ முதுகில் தட்டிக்கொடுத்து, மறுபடியும் ஆரம்பித்து.

“சொல்றேன், சொல்றேன். இனோகே காற்சட்டை எங்கே?”

“காணோம்!” என்று கொட்டகையே கோரஸ் பாடியது.

“டேய், நான் சீரியஸாக் கேக்கறேன்.”

“நானும் சீரியஸாத்தான்டா சொல்றேன். இனோகே காற்சட்டை...”

இனோகே போனை அணைத்தான். “உறுதியாயிடுச்சு. இவன்தான். நம்ம குடியக் கெடுத்துட்டு உக்காந்து குடிச்சிட்டிருக்கான்.”

“குடியப் பத்தி அப்பறம் பாக்கலாம். யோசி. பொம்பளைங்க பாஸ்வேர்டு என்ன வெப்பாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் பேசினதே இல்லையே.”

ஊர்ப் பெயரைத் தட்டினார்கள். தப்பு. அகனிசி கோயில் பாடகர் குழுவில் எப்போதும் முதலில் எடுக்கிற பாட்டின் பெயர். தப்பு. அவள் பாசமாக வளர்க்கும் பன்றிக்கு ‘மந்திரி’ என்று பெயர். எல்லாத் தீவனமும் அதற்கே போகும் என்பதால். மந்திரியும் தப்பு. சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவைதான்” என்றான் தொர்சாமி. “அதுவும் தப்புன்னா நாளைக்குத்தான் தெறக்கும்.”

அப்போது மாதா கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

ஒன்று, இரண்டு என்று இருவருமே எண்ணவில்லை. எண்ணிப் பயனும் இல்லை. அந்த மணி ஒவ்வொரு மணிக்கும் இரண்டு தரம் அடிக்கும். கொஞ்சம் முன்னாலேயே ஒரு தரம் பன்னிரண்டும் அடித்து முடித்து, மூச்சு விட்டு, சரியாக நேரத்துக்கு மறுபடியும் பன்னிரண்டும் அடிக்கும். காது கேளாத சாமியாருக்காக என்பார்கள் சிலர். லெவுகாக்காரர்களுக்கு ஒரு தரம் சொன்னால் புரியாது என்பார்கள் சுவாக்காரர்கள். நடுவில் கிடைக்கிற அந்த மூச்சுதான் இனோகேயின் சொத்து முழுவதும்.

இனோகே மறுபடியும் போனை எடுத்தான்.

“மச்சான்” என்றான். குரலை அவனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. “உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பசங்க கப்பல்ல போய்ட்டிருக்கானுங்க. நான் தோத்தது என்னோட போகட்டும். பசங்க ஆடணும்டா. என்ன பாஸ்வேர்டு?”

கொட்டகையில் சத்தம் அடங்கியது. விலிமோனி யாரையோ ‘சும்மா இருடா’ என்று அதட்டுவது கேட்டது. பிறகு, ஒரு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினான்.

“மொதல்லயே சொன்னேனேடா. நீதான் கட் பண்ணிட்டே.”

“என்ன சொன்னே?”

“இனோகே காற்சட்டை எங்கே. இடைவெளி விடாம, ஒண்ணாச் சேத்து. கடைசியில கேள்விக்குறி. அதை விட்டுட்டாத் தெறக்காது.”

மணி முதல் தரம் அடித்து ஓய்ந்தது.

இனோகே தொர்சாமியைப் பார்த்தான். தொர்சாமி கூரையைப் பார்த்தான். இது மச்சான் பேச்சு. தப்பாக இருந்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும், வுனிகாவு ஆடும், இந்தக் கதையும் சேர்ந்து ஊர் சிரிக்கும். சரியாக இருந்தால் அதைவிடக் கேவலம்.

“நீ தட்டு” என்றான் இனோகே.

“என் கை நடுங்குது கேப்டன்” என்றான் தொர்சாமி. நடுக்கமெல்லாம் இல்லை. அடக்கி வைத்த சிரிப்பில் தோள்தான் குலுங்கிக்கொண்டிருந்தது.

இனோகே நாற்காலியில் உட்கார்ந்தான். வாழைப்பழம் போன்ற ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினான். அப்புறம் காற்சட்டையை. ஒவ்வொரு எழுத்தும் திரையில் ஒரு கறுப்புப் புள்ளியாக விழுந்தது. எங்கே என்று தானே தன்னைக் கேட்டான். கேள்விக்குறியைத் தேடினான். தொர்சாமி மௌனமாக விரல் நீட்டிக் காட்டினான். தட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

“கேப்டன்! கண்ணைத் தெற!”

திறந்தது. மெயில் மேல் மெயிலாகக் கொட்டியது. சுவாவின் மெயில் உச்சியில், தடித்த எழுத்தில். இனோகே ‘வருகிறோம்’ என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தான். அனுப்பு.

இரண்டாவது மணியின் முதல் அடி விழுந்தபோது கடிதம் போய்விட்டிருந்தது. கடைசி அடிக்குள் போன் வந்தது. சுவாப் பெண்.

“வந்துடுச்சு சார். நாவேசிக்கு இடம் உறுதி. என்ன சார், ஓடி வந்தீங்களா, இப்படி மூச்சு வாங்குது?”

தொர்சாமி மீன் டப்பாப் பெட்டி மேல் மல்லாந்து விழுந்து, காலை உதைத்து உதைத்துச் சிரித்தான். இனோகேயும் சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் திரையின் ஓரத்தில் இருந்த அந்த மூலையை அவனால் மறக்க முடியவில்லை. காட்டு. நீக்கு.

இப்போது புரிந்தது. என்றைக்காவது ஒரு நாள் அண்ணன் இந்தப் பெட்டியின் முன்னால் வந்து உட்காருவான், காட்டு என்று எதேச்சையாக அமுக்குவான், எழுத்தெழுத்தாகப் பல்லைக் காட்டும். அண்ணன் கண்ணில் அது படக் கூடாதே என்று ஒரு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் துடைத்து வைத்திருக்கிறாள் மகராசி. புருஷன் பண்ணிய அசிங்கத்தைத் தங்கை மூடி மறைத்திருக்கிறாள். இவளையா சந்தேகப்பட்டோம்? நேரில் நன்றி சொல்லவும் வழியில்லை.

ஆனால் மச்சானிடம் கணக்குத் தீர்க்க வழி இருந்தது. போன் இன்னும் சூடு ஆறவில்லை.

“டேய் விலிமோனி. என் தங்கச்சி வாயால சொல்லக் கூடாததை, விரலால தினம் தட்ட வெச்சிருக்கியே. அண்ணன் தங்கச்சி முறையைக் கூடக் கெடுத்துட்டியேடா. நீ மனுஷனா?”

“யாரு, நானா?”

“வேற யாரு? நீதானே அந்தப் பாஸ்வேர்டை வெச்சே?”

மறுமுனையில் சிரட்டை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“மச்சான், என் போன்ல உன் நம்பரைத் தேடவே எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். நான் எங்கடா கம்ப்யூட்டர் தட்டறது? நீ தோத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே கடையைத் தெறந்து, தனியா உக்காந்து, அவதான்டா வெச்சா.”

“பொய் சொல்லாதே. அவ எதையும் பாக்கலை. விசிறியால முகத்தை மூடிட்டிருந்தா. ஊரே பாத்துது.”

“ஊரு விசிறியோட வெளிப்பக்கத்தைப் பாத்துது” என்றான் விலிமோனி. “உள்பக்கத்துலேர்ந்து பாத்தாத் தெரியும். அந்த விசிறி நடுவுல ஒரு ஓட்டை இருக்கு மச்சான்.”